ரோமை எதிர்த்த அரசியும் ரோமோடு நின்ற அரசியும்

பூடிக்கா என்றதும் பலருக்கும் ஒரு படம் மனதில் வரும். காற்றில் பறக்கும் செம்பட்டை முடி, கையில் ஈட்டி, குதிரைகள் பூட்டிய தேர், பின்னால் எரியும் ஊர்கள். முதலாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசை நடுங்க வைத்த பிரிட்டன் ராணி. அதே காலத்தில், அதே தீவில், வடக்கே இன்னொரு ராணியும் ஆண்டுகொண்டிருந்தார். அவர் பெயர் கார்டிமாண்டுவா. ரோமர்களோடு ஆண்டுக்கணக்கில் மோதிய தலைவன் ஒருவன் அடைக்கலம் கேட்டு வந்தபோது, அவனைச் சங்கிலியால் கட்டி ரோமர்களிடமே ஒப்படைத்தவர்.

முதலாமவரை வீராங்கனை என்றும் இரண்டாமவரைத் துரோகி என்றும் எழுதிவிட்டுப் போகலாம். பலர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப் பிரித்தால் ஏன் ஒருவர் வாளெடுத்தார், ஏன் மற்றவர் எடுக்கவில்லை என்பது கடைசிவரை புரியாது. இருவரும் ரோமோடு ஒரே வகையான ஏற்பாட்டுக்குள் இருந்தவர்கள். அந்த ஏற்பாடு என்னவென்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

"அரசர், நண்பர்"

கி.மு. 55, 54 ஆகிய இரு ஆண்டுகளில் ஜூலியஸ் சீசர் பிரிட்டனுக்குப் படையோடு வந்து, சண்டை போட்டு, திரும்பிப் போய்விட்டார். உண்மையான ஆக்கிரமிப்பு கி.பி. 43இல் கிளாடியஸ் பேரரசரின் காலத்தில்தான் தொடங்கியது. லீஜியன் எனப்படும் படையணிகள் நான்கு, துணைப்படைகள் என்று சுமார் நாற்பதாயிரம் பேர் கடல் தாண்டி வந்தார்கள். வெற்றி உறுதியான பிறகு கிளாடியஸும் நேரில் வந்து, பதினாறு நாள் இருந்து, பெருமையை எடுத்துக்கொண்டு ரோமுக்குத் திரும்பினார்.

பிரிட்டன் அப்போது ஒரே நாடு இல்லை. பல குலங்கள், அவரவர்க்குத் தனித்தனி அரசர், தனித்தனிப் பகை. இன்று நாம் இவர்களைக் கெல்ட் மக்கள் என்கிறோம். மொழியாலும் கலையாலும் ஐரோப்பாவின் கெல்ட் உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். அவர்களே தங்களை அப்படி அழைத்துக்கொண்டதற்குச் சான்று இல்லை, ரோமர்களும் அவர்களைப் 'பிரிட்டானியர்' என்றுதான் எழுதினார்கள்.

இத்தனை குலங்களையும் ஒரே மூச்சில் அடக்கப் படை போதாது. அதனால் ரோம் தனக்குப் பழகிப்போன ஒரு வழியை இங்கேயும் கையாண்டது. ஒத்துவரும் அரசரை 'அரசர், நண்பர்' என்று அங்கீகரித்துவிடும். அவர் தன் நாட்டைத் தன் வழக்கப்படி ஆளலாம். பதிலுக்கு ரோமின் எதிரிகளுக்கு இடம் தரக் கூடாது, கேட்டபோது உதவ வேண்டும், தனியாக யாரோடும் போர் தொடுக்கக் கூடாது. உள்ளூரில் அவருக்கு எதிராக யாராவது கிளம்பினால் ரோமப் படை வந்து காப்பாற்றும். பரிசும் பணமும் கிடைக்கும். இத்தகைய அரசுகளை நட்பரசு என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சிற்றரசர்கள் கப்பம் கட்டிய ஏற்பாடு நினைவுக்கு வரலாம், ஆனால் இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு.

ஒப்பந்தம் நாட்டோடு கிடையாது, ஆளோடு. அந்த அரசர் கண்ணை மூடினால் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. வாரிசை ரோம் ஏற்கலாம், அல்லது நாட்டையே தன் மாகாணத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். முடிவு பேரரசரின் கையில். பெரும்பாலும் அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். நட்பரசு என்பது ரோமின் பார்வையில் ஓர் இடைக்கால ஏற்பாடு மட்டுமே. குலத்து மக்களுக்கு அது அப்படித் தெரிந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு உயில்

இன்றைய கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்தவர்கள் ஐசினி குலத்தார். ஏழைகள் இல்லை. சொந்தமாக வெள்ளிக் காசு அடித்தார்கள். அந்தப் பகுதியிலேயே ஸ்நெட்டிஷம் என்ற ஊரில் 1950இல் உழும்போது கிடைத்த ஒரு கழுத்தணி இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தங்கமும் வெள்ளியும் கலந்த மெல்லிய கம்பிகளைப் புரிபுரியாக முறுக்கிச் செய்தது, எடை ஒரு கிலோவுக்கு மேல். பூடிக்கா காலத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தியது அது. ஆனாலும் அந்த மண்ணின் செல்வாக்கு எப்படி இருந்தது என்பதற்கு அது ஒன்று போதும்.

ஐசினி மக்கள் கி.பி. 47இல் ஒரு தடவை ரோமை எதிர்த்துக் கிளம்பினார்கள். ஆளுநர் குலத்தாரின் ஆயுதங்களைப் பறிக்க முயன்றதுதான் காரணம். அந்த எழுச்சி அடக்கப்பட்டது. ஆனாலும் நட்பரசு தொடர்ந்தது. பிராசுடாகஸ் என்பவர் அரசராக இருந்தார், அவர் மனைவிதான் பூடிக்கா.

60 வாக்கில் பிராசுடாகஸ் இறந்தார். ஆண் வாரிசு இல்லை, இரண்டு மகள்கள். அவர் எழுதிவைத்த உயிலில் பேரரசர் நீரோவையும் தன் இரு மகள்களையும் வாரிசாகக் குறித்திருந்தார். ஆளுக்கு எத்தனை பங்கு என்று, இதை எழுதிவைத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்லவில்லை. பூடிக்காவின் பெயர் அதில் இருந்ததாகவும் சொல்லவில்லை. பேரரசருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டால் மீதியில் கைவைக்க மாட்டார்கள் என்பது பிராசுடாகஸின் கணக்கு. அது அசட்டுத்தனம் இல்லை. ரோமப் பணக்காரர்களே கொடுங்கோல் பேரரசர்கள் காலத்தில் அப்படித்தான் உயில் எழுதினார்கள்.

கணக்குத் தப்பியது. மாகாணத்தின் நிதி அதிகாரி கேட்டஸ் டெசியானஸ். அவருடைய ஆட்களும் படைத் தலைவர்களும் அரசையே போரில் பிடித்த கொள்ளைப் பொருள்போல நடத்தினார்கள். பூடிக்காவைச் சவுக்கால் அடித்தார்கள். மகள்களை வன்புணர்வு செய்தார்கள். குலத்துப் பெரியவர்களின் பூர்வீக நிலங்களைப் பிடுங்கினார்கள். அரசரின் உறவினர்களை அடிமைகளாக நடத்தினார்கள்.

இதற்கு மேல் பணப் பிரச்சினையும் சேர்ந்தது. கிளாடியஸ் காலத்தில் குலத் தலைவர்களுக்குக் கொடுத்த தொகையை, அது கடன்தான் என்று சொல்லித் திருப்பிக் கேட்டார் கேட்டஸ். அதோடு நீரோவின் ஆசிரியரும் ஆலோசகருமான செனெகா பிரிட்டானியருக்குக் கொடுத்திருந்த நாலு கோடி செஸ்டர்ஸ் கடனையும் ஒரே மூச்சில் வசூலிக்கக் கிளம்பியதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். ஒரு ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900 செஸ்டர்ஸ். அப்படியென்றால் நாற்பத்து நாலாயிரம் வீரர்களின் ஒரு வருடச் சம்பளம் அது. டியோவுக்குச் செனெகாவைப் பிடிக்காது என்பதால் தொகையைக் கொஞ்சம் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். ஆனால் கடன் நெருக்கடி இருந்தது என்பதை நம்பத் தடையில்லை. வெளிநாட்டுக் கடனில் சிக்கி மானம் போன கதை பிற்காலத்தில் மட்டுமே நடந்தது என்று நினைக்க வேண்டாம்.

எரிந்த மூன்று ஊர்கள்

பூடிக்காவோடு முதலில் சேர்ந்தவர்கள் தெற்கே இருந்த டிரினோவான்டிஸ் குலத்தார். அவர்களுடைய ஊரான கமுலோடுனத்தில், அதாவது இன்றைய கோல்செஸ்டரில், 49இல் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களைக் குடியேற்றியிருந்தார்கள். வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களை வீட்டையும் நிலத்தையும் விட்டுத் துரத்தினார்கள், 'கைதிகள்', 'அடிமைகள்' என்று வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். இது ரோமரான டாசிட்டஸே ஒப்புக்கொள்வது. ஊர் நடுவே கிளாடியஸுக்கு ஒரு பெரிய கோயில் எழும்பியது. அதற்குப் பூசாரிகளாக நியமிக்கப்பட்ட உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் அந்தக் 'கௌரவத்துக்காக' சொத்தையே கரைக்க வேண்டியிருந்தது.

அந்த நேரம் ஆளுநர் சுவிட்டோனியஸ் பாலினஸ் பெரும்படையோடு வேல்ஸின் வடமேற்கு மூலையில் மோனா தீவில் இருந்தார். ட்ரூயிட் எனப்படும் குலகுருக்களின் இருப்பிடத்தை அழிக்கப் போயிருந்தார். கமுலோடுனத்திலோ உருப்படியான மதில்கூட இல்லை. குடியேறிகள் உதவி கேட்டதற்குக் கேட்டஸ் அனுப்பியது இருநூறு பேர், அவர்களிடமும் சரியான ஆயுதம் இல்லை. ஊர் விழுந்தது. கடைசிப் படைவீரர்கள் கிளாடியஸ் கோயிலுக்குள் ஒளிந்து இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள், அப்புறம் அதுவும் போயிற்று. அந்தக் கோயிலின் அடித்தளத்தின் மேல்தான் பிற்காலத்தில் நார்மன்கள் கோட்டை கட்டினார்கள். இன்றைக்கும் கோல்செஸ்டர் கோட்டையின் அடியில் இறங்கி அந்த ரோமக் கட்டுமானத்தைப் பார்க்கலாம்.

உதவிக்கு விரைந்த ஒன்பதாம் லீஜியனை வழியிலேயே மடக்கி, அதன் காலாட்படையைக் கொன்று தீர்த்தார்கள். தலைவன் பெட்டிலியஸ் கெரியாலிஸ் குதிரைப் படையோடு தப்பி ஓடினான். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவான். கேட்டஸ் கப்பலேறி 'கால்' (Gaul) நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கம், ஓடிவிட்டார். சுவிட்டோனியஸ் லண்டினியம், அதாவது இன்றைய லண்டன், வரை வந்து பார்த்தார். கையில் இருக்கும் படை போதாது என்று முடிவு செய்து, மக்கள் அழுது கேட்டும் நகரத்தைக் கைவிட்டார். லண்டினியம் எரிந்தது. அடுத்து வெருலேமியம், இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ். அது ரோமோடு ஒத்துப்போன பிரிட்டானியர்களின் ஊர். அதையும் விடவில்லை. மூன்று ஊர்களிலும் எழுபதாயிரம் பேர் செத்தார்கள் என்கிறார் டாசிட்டஸ். அந்தக் கால ஊர்களின் அளவுக்கு இது மிகை என்றே தோன்றுகிறது. கொடுமை நடந்ததில் சந்தேகமில்லை. கைதிகளைப் பிடித்து விற்கவோ பணயம் வைக்கவோ அவர்கள் மெனக்கெடவே இல்லை, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கும் செய்தி இல்லை. லண்டனிலும் கோல்செஸ்டரிலும் ஆழமாகத் தோண்டினால் செங்கல் நிறத்தில் வெந்த மண் அடுக்கு ஒன்று வருகிறது. களிமண் சுவர்கள் தீயில் வெந்து சரிந்த தடம். 2014இல் கோல்செஸ்டரின் கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் தரைக்கடியில் தோண்டியபோது, ஒரு வீட்டின் மண் தரையில் அவசரமாகப் பறித்த சின்னக் குழி தென்பட்டது. அதற்குள் தங்கக் காப்புகள், காதணிகள், மோதிரங்கள், வெள்ளிச் சங்கிலி. அந்த இடத்திலேயே அத்திப்பழமும் பேரீச்சம்பழமும் கருகிக் கரியாகிக் கிடந்தன. நகையைப் புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை.

கடைசிச் சண்டை

சண்டை நடந்த இடம் எது என்று இன்றுவரை யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. சுவிட்டோனியஸிடம் சுமார் பத்தாயிரம் பேர். பின்னால் காடு, முன்னால் குறுகலான திறப்பு என்று இடம் பார்த்து நின்றார். எதிரே எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய கூட்டம். பூடிக்கா இரு மகள்களையும் தேரில் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒவ்வொரு குலத்தாரிடமும் போய்ப் பேசினார் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். பேச்சு டாசிட்டஸின் கற்பனையாகத்தான் இருக்கும், அந்தக் கால வரலாற்றாசிரியர்களின் வழக்கம் அது.

பிரிட்டானியர் தோற்றதற்கு வீரக்குறைவு காரணமில்லை. வெற்றியைப் பார்க்க மனைவிமார்களை வண்டிகளில் ஏற்றி அழைத்து வந்து களத்தின் ஓரம் நிறுத்தியிருந்தார்கள். ரோமப் படை ஆப்புபோல் நெருக்கித் தள்ளியபோது பின்வாங்க வழியில்லை, சொந்த வண்டிகளே மதிலாகிவிட்டன. எண்பதாயிரம் பிரிட்டானியர், நானூறு ரோமர் என்று டாசிட்டஸ் கொடுக்கும் கணக்கு, ஜெயித்தவன் எழுதிய கணக்கு. பூடிக்கா விஷம் குடித்தார் என்கிறார் அவர். நோயில் இறந்தார் என்கிறார் டியோ. மகள்கள் என்ன ஆனார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

சரி, இந்த இருவரையும் எவ்வளவு நம்பலாம்? டாசிட்டஸின் மாமனார் அக்ரிகோலா, இளைஞனாகச் சுவிட்டோனியஸின் படையிலேயே பணியாற்றியவர். அதாவது கண்ணால் பார்த்த ஆள் வீட்டிலேயே இருந்தார். டியோ எழுதியது நூற்றைம்பது வருடம் கழித்து. அதுவும் பதினோராம் நூற்றாண்டுச் சுருக்கமாகத்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. உயரமான உருவம், கரகரத்த குரல், இடுப்புவரை தொங்கும் முடி, தங்கக் கழுத்தணி என்ற அந்தப் பிரபலமான வருணனை டியோவுடையது. அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெண் ஆள்வதா?

ஆட்சித் தலைமையில் பிரிட்டானியர் ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை என்று டாசிட்டஸ் வியப்போடு எழுதினார். ரோமில் பெண் சொத்து வைத்திருக்கலாம், உயிலில் வாரிசாகலாம். ஆனால் அரசுப் பதவி எதுவும் கிடையாது, படைத் தலைமை நினைத்துப் பார்க்கவே முடியாது. பிராசுடாகஸ் மகள்களுக்கு ஆட்சியைக் கொடுத்ததாக நினைத்திருக்கலாம். ரோம அதிகாரிகளின் கண்ணுக்கு அது ஆள் இல்லாத சொத்து. இவ்வளவு நாசமும் ஒரு பெண்ணால் வந்ததே என்பதுதான் ரோமர்களுக்குப் பெரிய அவமானமாக இருந்தது என்று டியோ தனியாகவே குறிப்பிடுகிறார்.

இந்தப் பார்வைக்கு ஓர் எதிர்ப்பக்கமும் உண்டு. சிறைபட்ட பிரிட்டானியத் தலைவன் கராட்டகஸை ரோமில் கிளாடியஸின் முன் நிறுத்தியபோது, அவன் குடும்பத்தார் பேரரசருக்கு மட்டுமல்ல, சற்றுத் தள்ளி மேடையில் அமர்ந்திருந்த பேரரசி அக்ரிப்பினாவுக்கும் அதே மரியாதையோடு வணங்கினார்கள். ரோமக் கொடிகளுக்கு முன்னால் ஒரு பெண் ஆசனத்தில் அமர்வதா என்று டாசிட்டஸ் முகம் சுளிக்கிறார். பிரிட்டனிலிருந்து வந்தவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

வடக்கு ராணி

அந்தக் கராட்டகஸை ஒப்படைத்தவர்தான் கார்டிமாண்டுவா. பூடிக்கா அரசரின் மனைவி. இவரோ சொந்தக் குலப்பெருமையால் ஆண்ட அரசி. வட இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பரவியிருந்த பிரிகாண்டிஸ் குலம் இவர் கையில் இருந்தது. எட்டு வருடம் ரோமோடு மல்லுக்கட்டித் தோற்ற கராட்டகஸ் 51இல் இவரிடம் ஓடிவந்தான். ரோமின் எதிரிக்கு இடம் தரக் கூடாது என்பது நட்பரசின் முதல் விதி. வைத்துக்கொண்டால் அடுத்த கோடையில் லீஜியன்கள் வாசலில் நிற்கும். அவர் கொடுத்துவிட்டார். டாசிட்டஸுக்கு இது துரோகம். துரோகத்தின் பலனை அனுபவித்தது ரோம் என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் அவர் நாடு மாகாணமாகவில்லை. இந்த ஒரு செய்தியை வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். யார்க்ஷயரில் ஸ்டான்விக் என்ற இடத்தில் சுமார் 300 ஹெக்டேரை வளைத்து எழுப்பிய பிரம்மாண்டமான மண் அரண் இன்றும் இருக்கிறது. இதை 1951, 52இல் அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி ரோமர்களின் மட்கலங்களை வெளியே எடுத்தாரே, அதே வீலர். ஸ்டான்விக்கை ரோமை எதிர்த்து எழுப்பிய கோட்டை என்று அவர் கருதினார். பின்னால் நடந்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அங்கே கிடைத்த ரோமக் கண்ணாடிப் பாத்திரங்களும் பளபளக்கும் சிவப்பு மட்கலங்களும் ரோமோடு நல்லுறவில் இருந்த ஓர் அரண்மனை வாழ்க்கையைக் காட்டுகின்றன. கார்டிமாண்டுவாவின் இருப்பிடமாக அது இருந்திருக்கலாம் என்பதே இன்றைய ஆய்வாளர் பலரின் கருத்து.

சிக்கல் வீட்டிலிருந்து வந்தது. கணவர் வெனூட்டியஸை விலக்கிவிட்டு, அவருடைய ஆயுதம் தூக்கும் ஆளான வெல்லோகேட்டஸை மணந்து அரசில் பங்கு கொடுத்தார். டாசிட்டஸ் இதைக் காமக் கதையாக ரசித்து எழுதுகிறார். ரோமை எதிர்க்கும் கட்சியின் தலைவராகக் கணவரே மாறியபோது அவரைக் கழற்றிவிட ராணி எடுத்த அரசியல் முடிவு என்றும் இதைப் படிக்கலாம். எப்படியோ, 69இல் ரோமில் ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள் மாறிய குழப்பத்தில் வெனூட்டியஸ் படை திரட்டினார். ராணி உதவி கேட்டார். ரோமத் துணைப்படை வந்து அவரை உயிரோடு மீட்டது. அரசு வெனூட்டியஸுக்குப் போனது, போர் ரோமுக்கு மிஞ்சியது. கார்டிமாண்டுவாவைப் பற்றி அதன்பின் ஒரு வரிகூட இல்லை.

பிறகு

தெற்கே, பூடிக்காவின் எழுச்சிக்குப் பின் சுவிட்டோனியஸ் பழிவாங்குவதில் இறங்கினார். புது நிதி அதிகாரியாக வந்த கிளாசிசியானஸ், கால் நாட்டுக் குடும்பத்தவர். இப்படிக் கொன்றுகொண்டே போனால் வரி கட்ட யார் மிஞ்சுவார்கள் என்ற கவலை அவருக்கு. ஆளுநரை மாற்றச் சொல்லி ரோமுக்கு எழுதினார். விசாரிக்க வந்தவன் நீரோவின் முன்னாள் அடிமை பாலிக்ளைட்டஸ். இவ்வளவு பெரிய படையும் தளபதியும் ஓர் அடிமைக்குக் கைகட்டி நிற்பதைப் பார்த்துப் பிரிட்டானியர் சிரித்தார்களாம். சிறிது காலத்தில் சுவிட்டோனியஸ் மாற்றப்பட்டார். கிளாசிசியானஸின் கல்லறைக் கல் லண்டனில் கிடைத்திருக்கிறது. எரிந்த ஊர்கள் எழுந்த வேகமும் ஆச்சரியம்தான். லண்டனில் கிடைத்த ஒரு மரப் பலகையில், வெருலேமியத்திலிருந்து லண்டினியத்துக்கு இருபது சுமை உணவுப்பொருள் கொண்டுவர ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. தேதி 62 அக்டோபர் 21. எரிந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

இன்று லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தருகே பூடிக்காவுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. நிறுவிய ஆண்டு 1902. தேர்ச் சக்கரத்தில் அரிவாள் பொருத்தியிருக்கிறார்கள், பிரிட்டனில் அப்படி ஒரு தேர் எங்கும் தோண்டி எடுக்கப்படவில்லை. அடியில் பொறித்த கவிதை வரிகள், சீசர் கேள்விப்படாத நிலங்களையும் உன் சந்ததி ஆளும் என்று பூடிக்காவுக்கு வாக்குக் கொடுக்கின்றன. பேரரசை எதிர்த்தவரையே பேரரசின் காவல் தெய்வமாக்கிவிட்டார்கள். இந்தியாவை ஆண்டுகொண்டிருந்தவர்களுக்கு அந்த முரண் உறுத்தவில்லை போலும்.

வடக்கே 71இல் புது ஆளுநர் வந்து இறங்கினார். பெட்டிலியஸ் கெரியாலிஸ், பூடிக்காவின் ஆட்களிடமிருந்து குதிரையில் தப்பி ஓடிய அதே ஆள். அவர் ஒன்பதாம் லீஜியனை முன்னேற்றி யார்க்கில் கோட்டை போட்டு, பிரிகாண்டிஸ் நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்தார். தெற்குக் கடற்கரையில் கோகிடுப்னஸ் என்ற நட்பரசர் சாகும்வரை ரோமுக்கு விசுவாசமாக இருந்தார். ஒரு தடவைகூட வாளெடுக்காத அவருடைய நாடும் பிற்பாடு மாகாணத்தில்தான் கரைந்தது.